ஒத்துவராத எண்ணை அழிக்காதீர்கள்

2022 செப்டம்பர் 21 அதிகாலை, பரம்பிக்குளம் அணையின் மூன்று ஷட்டர்களில் நடுவில் இருந்தது உடைந்தது. ஷட்டரின் எதிர் எடையைத் தாங்கிய சங்கிலி அறுந்ததுதான் காரணம் என்று அப்போது சொல்லப்பட்டது. அணை ஏறக்குறைய நிரம்பியிருந்த நேரம். விநாடிக்குச் சுமார் 20,000 கன அடி தண்ணீர் சாலக்குடி ஆற்றில் பாய்ந்தது. கேரள மண்ணில் நிற்கும் அந்த அணையை இயக்கிப் பராமரிப்பது தமிழ்நாட்டு நீர்வளத் துறை. பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் பாசனப் பகுதிக்கு மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் வர வேண்டும். மழை குறைந்த கிழக்கு ஓரத்தில், தமிழ் பேசும் குடும்பங்கள் நிறைந்த எருத்தேன்பதி போன்ற ஊராட்சிகளில் அந்த எண்ணைப் பற்றிய பேச்சு எந்தக் கோடையிலும் ஓய்வதில்லை. அப்படிச் சொட்டுச் சொட்டாகக் கணக்குப் பார்க்கப்படும் நீர்த்திட்டத்தில், ஒரு சங்கிலி அறுந்து பல நாட்கள் தண்ணீர் வீணாக ஓடியது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2024 ஆகஸ்ட் 10 இரவு, துங்கபத்ரா அணையின் 19ஆம் எண் ஷட்டரும் சங்கிலி அறுந்துதான் அடித்துச் செல்லப்பட்டது.

இரண்டு நிகழ்வுகளுக்குப் பிறகும் பேச்சு முழுக்க யார் பொறுப்பு என்பதைச் சுற்றியே இருந்தது. அந்தக் கேள்வி தேவைதான். ஆனால் அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அணையோ, எந்திரமோ, ராக்கெட்டோ, நாம் எதிர்பார்த்த எண்ணுக்குப் பதிலாக வேறொரு எண்ணைக் காட்டும்போது, அந்த எண்ணை என்ன செய்கிறோம்? பெரும்பாலும் அதை அழித்துவிடுகிறோம், அல்லது 'கருவிக் கோளாறு' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். பொறியியலில் ஓர் ஆய்வு தரக்கூடிய மிக மதிப்பான செய்தி அந்த ஒத்துவராத எண்ணில்தான் இருக்கிறது என்பதும், அதை விசாரிக்கும் பழக்கத்தை நம் கல்லூரிகளும் அரசுத் துறைகளும் இன்னும் உருவாக்கிக்கொள்ளவில்லை என்பதும்தான் இந்தக் கட்டுரையின் வாதம்.

ஷட்டரிலிருந்தே தொடங்கலாம். 1995 ஜூலை 17 அன்று அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஃபோல்சம் அணையின் 3ஆம் எண் ஷட்டரைத் திறந்துகொண்டிருந்தபோது அது முறிந்தது. நீர்த்தேக்கத்தின் ஏறக்குறைய 40 சதவீதத் தண்ணீர் வெளியேறியது. விசாரணையில் வெளிவந்த காரணம் ஒவ்வொரு மெக்கானிக்கல் பொறியாளரும் நினைவில் வைக்க வேண்டியது. வளைந்த ஷட்டர் சுழலும் அச்சாணியில் எழும் உராய்வு, வடிவமைப்புக் கணக்கில் சேர்க்கப்படவே இல்லை. புதிதாக இருந்தபோது அந்த உராய்வு சிறியது; கணக்கில் விட்டதால் கெடுதல் தெரியவில்லை. ஆண்டுக்கு ஆண்டு துருவேற, போதிய மசகு இல்லாமல், உராய்வு மெல்ல மெல்லக் கூடியது. கணக்கில் இல்லாத விசை ஒருநாள் தாங்கு சட்டங்கள் பொறுக்கும் அளவைத் தாண்டியது. இப்படி மெல்ல வளரும் கோளாறு ஓசையில்லாமல் வளர்வதில்லை. ஷட்டரைத் தூக்கும் மோட்டார் எத்தனை ஆம்பியர் மின்சாரம் இழுக்கிறது என்று ஒவ்வொரு முறையும் எழுதிவைத்தால், உராய்வு கூடக் கூட அந்த எண்ணும் கூடுவதைக் காணலாம். சென்ற ஆண்டு எடுத்த மின்சாரத்தைவிட இந்த ஆண்டு கூடுதலாக எடுக்கிறது என்றால், அது ஷட்டரே சொல்லும் புகார். அதைப் படிக்க ஒரு நோட்டுப் புத்தகமும், முந்தைய பக்கத்தைப் புரட்டிப் பார்க்கும் பழக்கமும் போதும்.

அந்தப் பழக்கத்தை நாம் எங்கே கற்றுத்தருகிறோம்? பொறியியல் கல்லூரியின் ஆய்வகத்தில் கற்றுத்தர வேண்டும். அங்கே நடப்பது நேர் எதிர். இரும்புப் பட்டை ஒன்றின் ஒரு முனையை இறுகப் பிடித்து, மறுமுனையில் எடையைத் தொங்கவிட்டு, அது எவ்வளவு தாழ்கிறது என்று டயல் கேஜில் அளக்கும் சோதனை எல்லா மாணவர்களும் செய்வது. சூத்திரம் தரும் எண்ணைவிட டயல் கேஜ் பல நேரம் அதிகமாகக் காட்டும். ரெக்கார்டு நோட்டில் என்ன எழுதப்படுகிறது என்பது அந்த ஆய்வகத்தில் நின்ற எல்லோருக்கும் தெரியும். சூத்திரத்திலிருந்து பின்னோக்கி வந்து, 'ரீடிங்' பொருத்தமாகப் போடப்படும். இரண்டு சதவீதப் பிழைக்குள் வந்தால் முழு மதிப்பெண். பதினைந்து சதவீதம் விலகினால் 'மறுபடி எடு'. இதில் மாணவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எந்த விடைக்கு மதிப்பெண் கிடைக்கும் என்று நாம் சொல்லிவைத்திருக்கிறோமோ, அந்த விடையை அவர் தருகிறார்.

அந்தப் பதினைந்து சதவீதத்துக்குள் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். பட்டையின் தாழ்வு அதன் தடிமனின் மும்மடிக்கு எதிர்விகிதமாக மாறும். 6 மி.மீ. என்று வாங்கிய பட்டை உண்மையில் 5.8 மி.மீ. இருந்தால், தாழ்வு 10 சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். பட்டையின் நீளமும் மும்மடியாகத்தான் கணக்கில் நுழைகிறது. அளப்பதில் 2 சதவீதம் பிசகினால் விடையில் 6 சதவீதம் பிசகும். எல்லாவற்றையும்விட முக்கியமானது பிடிமானம். பிடித்த முனை அசையவே அசையாது என்பது சூத்திரத்தின் அடிப்படை. உலகில் அப்படி ஒரு பிடிமானம் இல்லை. வைஸ் இலேசாகத் திரும்பும். மேசையும் கொஞ்சம் வளையும். பிடிமானத்தை ஒட்டி இன்னொரு டயல் கேஜை வைத்தால் அந்தத் திருப்பம் கண்ணுக்கே தெரியும். தடிமனை வெர்னியரில் அளந்து, நீளத்தைச் சரிபார்த்து, பிடிமானத்தின் அசைவைக் கழித்தால், பதினைந்து சதவீதம் மூன்று நான்காகக் குறையும். இந்த விசாரணையில் மாணவர் கற்பது அந்தச் சூத்திரத்தைவிடப் பெரியது. கணினியில் 'ஃபிக்ஸட் சப்போர்ட்' என்று ஒரு பொத்தானை அழுத்தும்போது தான் எவ்வளவு பெரிய பொய்யை ஏற்றுக்கொள்கிறோம் என்பதை அன்று முதல் அவர் அறிவார். ரீடிங்கைத் திருத்தி எழுதியவர் அதை வாழ்நாள் முழுவதும் அறியாமலே போகலாம்.

ஒத்துவராத எண் ஒன்றை ஒதுக்காமல் விசாரித்ததால் உலகமே பயனடைந்த கதை நம் நாட்டிலேயே இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் கொய்னா அணை 103 மீட்டர் உயரம் கொண்டது. தீபகற்ப இந்தியாவின் பழம்பாறை நிலம் அசையாதது என்ற நம்பிக்கை அப்போது வலுவாக இருந்தது. ஆனாலும் வடிவமைப்பாளர்கள் நிலநடுக்கத்தை அடியோடு விட்டுவிடவில்லை. அணையின் எடையில் 5 சதவீதத்துக்குச் சமமான பக்கவாட்டு விசை, அடியிலிருந்து உச்சிவரை ஒரே அளவில் தள்ளுவதாக வைத்துக் கணக்கிட்டார்கள். அணையின் உடலில் எங்கும் இழுவிசை எழாது என்று கணக்கு சொன்னது. 1962இல் தண்ணீர் தேங்கத் தொடங்கிய பிறகு அங்கே சிறு அதிர்வுகள் உணரப்பட்டன. 1967 டிசம்பர் 11 அதிகாலை ரிக்டர் அளவில் ஆறுக்கும் மேலான நிலநடுக்கம் தாக்கியது. சுமார் 180 பேர் இறந்தார்கள். அணை நின்றது, ஆனால் தண்ணீர் வழியாத பகுதியின் உயரமான கட்டங்களில் இரு முகங்களிலும் கிடைமட்டமாக விரிசல் விழுந்தது. விரிசல்கள் அடித்தளத்தில் விழவில்லை. மேலே, அணையின் பின்முகச் சாய்வு சட்டென்று மாறும் கழுத்துப் பகுதியில் விழுந்தன.

அடிப்பகுதியில்தான் தகைவு மிகுதி என்பது பழைய கணக்கு. விரிசல் விழுந்ததோ கழுத்தில். அதோடு, அணையின் உள்ளே இருந்த அதிர்வுப் பதிவுக் கருவி காட்டிய உச்ச முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் ஏறக்குறைய பாதி. வடிவமைப்பில் எடுத்த எண்ணோ இருபதில் ஒரு பங்கு. இந்த இடத்தில் இரண்டு சுலபமான வழிகள் இருந்தன. கருவி அணைக்குள் இருந்ததால் பதிவானது நிலத்தின் அசைவா, அணையின் அசைவா என்று சந்தேகம் எழுப்பி எண்ணையே தள்ளிவிடலாம். இல்லையென்றால், கணக்கு எடுத்ததைவிடப் பத்து மடங்கு பெரிய அதிர்ச்சி வந்தது, ஆகவே விரிசல் விழுந்தது, இதில் ஆராய என்ன இருக்கிறது என்று கோப்பை மூடலாம். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் அனில் சோப்ராவும் பி. சக்ரவர்த்தியும் மூன்றாவது வழியை எடுத்தார்கள். பதிவான அதிர்வையே கணினி மாதிரிக்குள் செலுத்தி, அணையை அசையாத கல்லாக நினைக்காமல் அதிரக்கூடிய உடலாக நினைத்து ஆராய்ந்தார்கள். அணையின் மேற்பகுதி அடிப்பகுதியைவிடப் பல மடங்கு ஆடுகிறது என்பதும், சாய்வு மாறும் கழுத்தில்தான் கான்கிரீட் பொறுக்க முடியாத இழுவிசை எழுகிறது என்பதும் தெரியவந்தன. விரிசல் விழுந்த இடமும் கணக்கு காட்டிய இடமும் ஒன்றாக வந்தன.

ஆக, பிழை எண்ணின் அளவில் மட்டும் இல்லை. விசையை மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகப் பரப்பிய அந்த முறையிலேயே இருந்தது. 5 சதவீதத்தை 10 ஆக்கியிருந்தாலும் பழைய முறை தவறான இடத்தைத்தான் காட்டியிருக்கும். அணை பின்னர் முட்டுச்சுவர்கள் சேர்த்து வலுப்படுத்தப்பட்டது. இன்று உலகில் எங்கே, யார் அணை விரிசலைக் கணிக்கும் மென்பொருள் எழுதினாலும், அது கொய்னாவின் விரிசலைச் சரியாகக் காட்டுகிறதா என்றுதான் முதலில் சோதிக்கிறார்கள். அபாகஸ் என்ற புகழ்பெற்ற மென்பொருளின் மாதிரிக் கணக்குகளில் கொய்னா ஒன்று. ஒரு கருவியின் பதிவும் ஒரு விரிசலின் இடமும் நேர்மையாகக் குறித்துவைக்கப்பட்டதால் கிடைத்த பயன் அது.

எதிர்பாராத முடிவு எப்போதும் கெட்ட செய்தியாக வருவதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். நல்ல செய்தியாக வரும்போது அது இன்னும் ஆபத்தானது. ஏனென்றால் அதை யாரும் விசாரிப்பதில்லை. உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானமான காமெட் அதற்குச் சாட்சி. அதன் உடற்பகுதி ஒன்றைத் தயாரிப்பாளர்கள் மீண்டும் மீண்டும் காற்றழுத்தம் ஏற்றி இறக்கிச் சோதித்தபோது 16,000 சுற்றுகளுக்கு மேல் தாங்கியது. அதே துண்டின் மீது அதற்கு முன்பே இயல்பான அழுத்தத்தைப்போல இரு மடங்கு ஏற்றி வலிமைச் சோதனையும் நடந்திருந்தது. அந்தப் பேரழுத்தம் சன்னல் மூலைகளில் உலோகத்தைச் சிறிது நிரந்தரமாக இழுத்துவிட்டு, பின்னால் வரும் சோர்வை எதிர்க்கும் நிலையை அங்கே உண்டாக்கிவிட்டது. பயணிகளை ஏற்றிப் பறந்த விமானங்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. 1953 மே 2 அன்று கல்கத்தாவை விட்டுக் கிளம்பிய காமெட் வானில் சிதறியபோது பழி இடிமழைக் காற்றின்மீது விழுந்தது. 1954 ஜனவரியிலும் ஏப்ரலிலும் மத்தியதரைக் கடலுக்கு மேல் இன்னும் இரண்டு சிதறிய பிறகே, ஒரு முழு விமானத்தைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து அழுத்தம் ஏற்றி இறக்கினார்கள். பறந்ததையும் தொட்டியில் பட்டதையும் சேர்த்து 3,057 சுற்றுகளில் அது கிழிந்தது. பழைய சோதனைத் துண்டு ஏன் இத்தனை நாள் தாங்குகிறது என்று அன்றே ஒருவர் கேட்டிருந்தால் போதும்.

நம் காலத்தில், நம் கண்முன் நடந்தது எஸ்எஸ்எல்வி ராக்கெட்டின் முதல் பயணம். 2022 ஆகஸ்ட் 7 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. மூன்று அடுக்குகளும் சரியாக எரிந்தன. ஆனால் செயற்கைக்கோள்கள் 356 கி.மீ. உயர வட்டப்பாதைக்குப் பதிலாக 356-க்கு 76 கி.மீ. என்ற நீள்வட்டத்தில் விழுந்தன. வளிமண்டலத்தை உரசும் பாதையில் எதுவும் நிலைக்காது. இஸ்ரோ வெளியிட்ட ஆய்வு சொன்ன காரணத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். இரண்டாம் அடுக்கு பிரிந்தபோது எழுந்த அதிர்வு, தரைச் சோதனைகளில் கண்டதைவிட நீண்ட நேரம் நீடித்தது. முடுக்கமானிகளின் அளவீடு சிறிது நேரம் எல்லையைத் தாண்டியது. ராக்கெட்டின் கணினியில் எழுதப்பட்டிருந்த விதி, இவ்வளவு நேரம் இப்படிக் காட்டும் கருவிகள் பழுதானவை என்று தீர்ப்பளித்து அவற்றை ஒதுக்கிவிட்டது. உண்மையில் அந்தக் கருவிகள் பழுதாகவில்லை. அவை நடந்ததைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன. அவற்றின் பேச்சைக் கேட்காமல், முன்பே எழுதிவைத்த பாதையில் குருட்டுத்தனமாகச் சென்ற ராக்கெட்டுக்கு, கடைசியில் தேவையான வேகத்தில் விநாடிக்கு 56 மீட்டர் குறைந்துபோனது. ஏழரை கி.மீ.க்கும் மேலான வேகத்தில் அது ஒரு சதவீதம்கூட இல்லை.

எதிர்பாராத எண்ணைக் கண்டதும் கருவியைச் சந்தேகிக்கும் மனிதப் பழக்கம் அங்கே நிரல் வரிகளாகவே எழுதப்பட்டிருந்தது. அந்த விதியை எழுதியவர்கள் அறியாமையில் எழுதவில்லை. கருவி உண்மையிலேயே பழுதானால் அதை நம்பிப் பறப்பது இன்னும் மோசம். ஆனால் கருவி பழுது என்பதற்கும் உலகம் நாம் நினைத்ததுபோல் இல்லை என்பதற்கும் இடையே வேறுபாடு காண அந்த விதிக்கு அவகாசம் தரப்படவில்லை. எல்லாக் கருவிகளும் ஒரே நொடியில், ஒரே நிகழ்வின்போது, ஒரே மாதிரி விலகினால், பழுதானது கருவியாக இருக்க வாய்ப்பு குறைவு. பிரிப்பு அமைப்பை மாற்றி, விதியைத் திருத்தி, 2023 பிப்ரவரி 10 அன்று இரண்டாவது எஸ்எஸ்எல்வியை இஸ்ரோ வெற்றிகரமாக அனுப்பியது. ஆறே மாதம். 2019இல் விக்ரம் லேண்டர் நிலவில் மோதியபோதும் இதே வழியில்தான் போனார்கள். எஞ்சின்கள் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக உந்தியதும், பிழைகள் சேர்ந்துகொண்டே போனதும், இறங்கும் இடம் 500 மீட்டர் சதுரத்துக்குள் குறுக்கப்பட்டிருந்ததும் வெளிப்படையாகச் சொல்லப்பட்டன. சந்திரயான்-3க்கு இறங்கும் பரப்பு 4 கி.மீ.க்கு 2.4 கி.மீ. ஆக விரிந்தது. எது எது பிசகக்கூடும் என்பதிலிருந்தே வடிவமைப்பு தொடங்கியது.

இதற்கெல்லாம் ஒரு மறுப்பு உண்டு. அதுவும் நியாயமான மறுப்பு. எதிர்பாராத முடிவுகளில் பெரும்பாலானவை வெறும் தவறுகள். மில்லிமீட்டரில் கொடுக்க வேண்டியதை மீட்டரில் கொடுத்தது, கழன்ற ஒயர், பூஜ்ஜியத்தில் நிற்காத முள். ஒவ்வொன்றுக்கும் ஆராய்ச்சி நடத்தினால் எந்த வேலையும் முடியாது. உண்மைதான். ஆனால் எது வெறும் தவறு என்பது பார்த்த பிறகுதான் தெரியும். பார்ப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டதாக எண்ணுவதுதான் கோளாறு. பார்ப்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது, அது செலவைக் குறைக்கும். முதலில் அலகுகள், ஒயர்கள், பூஜ்ஜியம். பிறகு, அதே சோதனையை மீண்டும் செய்தால் அதே எண் வருகிறதா? மூன்றாவதாக, பிடிமானமும் சுமையும் மாதிரியில் நினைத்தபடிதான் நிஜத்திலும் இருக்கின்றனவா? இவை எல்லாம் சரி என்று தெரிந்த பிறகே, நம் கோட்பாடு தவறோ என்று கேட்க வேண்டும். முதல் இரண்டு படிகளிலேயே பத்தில் எட்டு ஒன்பது தீர்ந்துபோகலாம். மீதி ஒன்றுக்காகத்தான் அத்தனை படிகளும்.

இன்றைய மென்பொருள்கள் இவ்வளவு துல்லியமாக இருக்கும்போது இந்தக் கவலை பழையது என்பது இன்னொரு மறுப்பு. இதை ஏற்க முடியாது. 1991 ஆகஸ்ட் 23 அன்று நார்வேயில் ஸ்லைப்னர் என்ற பிரமாண்டமான கான்கிரீட் எண்ணெய்த் தளத்தின் அடிப்பகுதி, சோதனைக்காகத் தண்ணீரில் இறக்கப்படும்போதே உடைந்து மூழ்கியது. அன்றைக்குச் சிறந்ததாகக் கருதப்பட்ட கணினி முறையில்தான் அதை ஆராய்ந்திருந்தார்கள். கணக்கிடுவதற்காகக் கட்டமைப்பைப் பிரித்த கட்டங்கள் முக்கியமான ஒரு மூலையில் பெரிதாகவும் கோணலாகவும் இருந்ததால், வெட்டுத் தகைவு 47 சதவீதம் குறைவாக வந்தது. நேர்மாறான ஏமாற்றமும் உண்டு. கூர்மையான உள்மூலை கொண்ட ஒரு பாகத்தை மென்பொருளில் போட்டு, கட்டங்களை நுணுக்க நுணுக்க, அந்த மூலையில் தகைவு ஏறிக்கொண்டே போகும், எங்கும் நிற்காது. இதைப் பார்த்துப் பயந்து பாகத்தைத் தடிமனாக்குபவரும் உண்டு; வண்ணப்படத்தில் அந்தச் சிவப்புப் புள்ளி தெரியாதபடி அளவுகோலை மாற்றிவிடுபவரும் உண்டு. நிஜப் பாகத்தில் அந்த மூலைக்கு ஒரு சிறு வளைவு இருக்கும். அதை வரைந்தால் எண் ஓரிடத்தில் வந்து நிற்கும். மென்பொருள் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. மூலையைப் பற்றி நாம் சொன்னதுதான் தவறு. இவற்றைக் கண்டுபிடிக்கத் தேவைப்படுவது விலை உயர்ந்த உரிமமும் வேகமான கணினியும் இல்லை. ஒரு தாளில் கையால் போட்ட தோராயக் கணக்கு. விடை இந்த எல்லைக்குள் வர வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைக்காதவருக்கு எந்த விடையும் எதிர்பாராததாகத் தெரியாது, அவர் எல்லாவற்றையும் நம்பிவிடுவார்.

மூன்றாவது மறுப்பு நம் தமிழ்நாடு-கேரள எல்லைப் பகுதிக்கே உரியது, மற்ற இரண்டையும்விடக் கனமானது. இப்படிப்பட்ட எண்களை வெளியே சொன்னால் பீதி பரவும், அரசியல் செய்வார்கள் என்கிறார்கள். முல்லைப் பெரியாறு இருக்கும் இடுக்கியில் இது வெறும் கற்பனைப் பயம் இல்லை. 1895இல் முடிந்த, சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்து கட்டிய அணை அது. 1980களின் தொடக்கத்தில் எஃகு வடங்கள் இறக்கி நங்கூரமிட்டும், பின்புறம் கான்கிரீட் சேர்த்தும் வலுப்படுத்தும் பணிகள் நடந்தன. கேரளம் கேட்டுக்கொண்டதன் பேரில் ரூர்க்கி ஐஐடி செய்த ஆய்வு, பெரிய நிலநடுக்கத்தை அணை தாங்காது என்றது. உச்ச நீதிமன்றம் அமைத்த, நீதிபதி ஏ.எஸ். ஆனந்த் தலைமையிலான குழு பல சோதனைகளுக்குப் பிறகு அணை பாதுகாப்பானது என்றது. 2014 மே 7 தீர்ப்பு 142 அடிவரை தேக்க அனுமதித்தது. அதற்குப் பிறகும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஒரு பக்கம் ஓர் ஆய்வையும் மறுபக்கம் இன்னோர் ஆய்வையும் தூக்கிப் பிடிக்கிறது.

கணினி மாதிரி ஒன்று தரும் முடிவு, அதற்குள் போட்ட எண்களைப் பொறுத்தது. நூறாண்டு கடந்த சுர்க்கிக் கலவையின் இழுவலிமைக்கு எந்த எண்ணை எடுத்தீர்கள்? நங்கூர வடங்கள் இன்றும் முழு இழுப்பில் இருப்பதாக எடுத்தீர்களா? அணையின் அடியில் நீரின் மேல்நோக்கு அழுத்தம் எவ்வளவு? இந்த மூன்றை மாற்றினால் விடை மாறும். ஆகவே இரண்டு ஆய்வுகள் முரண்படும்போது எது நம் கட்சி என்று பார்ப்பதைவிட, எந்த உள்ளீட்டில் அவை பிரிகின்றன என்று பார்ப்பதே பயனுள்ளது. அந்த உள்ளீட்டை அணையில் நேரடியாக அளக்க முடியும்: துளையிட்டு எடுத்த மாதிரிகளில், கசிவுநீரின் அளவிலும் அதில் கரைந்து வரும் சுண்ணாம்பிலும், அழுத்தமானிகளில். மேகமலை அடிவாரத்திலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் அந்தத் தண்ணீரை நம்பியிருப்பவர்களும், அணைக்குக் கீழே வண்டிப்பெரியாறில் அதே மழையைப் பார்த்துத் தூக்கம் இழப்பவர்களும் பெரும்பாலும் ஒரே மொழி பேசும் மக்கள். அவர்களுக்கு வேண்டியது தங்கள் அரசின் வக்கீல் வாதம் இல்லை. நீர்மட்டம் இத்தனை அடி இருக்கும்போது கசிவு இவ்வளவு என எதிர்பார்த்தோம், இவ்வளவு வந்தது, வேறுபாட்டுக்குக் காரணம் இது என்ற மூன்று வரிகள்.

பீதி எண்களால் வருவதில்லை. எண்களை மறைக்கிறார்கள் என்ற சந்தேகத்தால் வருகிறது. எஸ்எஸ்எல்வி ஏன் தோற்றது என்று வெளியிட்டதால் இஸ்ரோவின் மதிப்பு ஓர் இம்மியும் குறையவில்லை. ஓர் அளவீட்டைத் தனியாக வெளியிட்டால்தான் அது புரளிக்குத் தீனியாகும். எதிர்பார்த்த அளவோடு சேர்த்து வெளியிட்டால் அது விளக்கமாகும். குறவன் மலைக்கும் குறத்தி மலைக்கும் இடையே 555 அடி உயரத்துக்கு நிற்கும் இடுக்கி வளைவு அணையை எடுத்துக்கொள்ளுங்கள். நீர் ஏறும்போது அந்த வகை அணை சற்றே வெளிப்புறம் வளையும், நீர் இறங்கும்போது திரும்பும். அப்படி வளைந்து சுமையை இருபுறப் பாறைக்கும் கடத்துவதுதான் அதன் வேலை. 'இடுக்கி அணை அசைகிறது' என்று மட்டும் ஒரு செய்தி வந்தால் ஊரே நடுங்கும். இவ்வளவு நீருக்கு இவ்வளவு அசைய வேண்டும், அவ்வளவே அசைகிறது என்று சேர்த்துச் சொன்னால் நடுக்கத்துக்கு இடமில்லை. அசைய வேண்டிய அளவுக்கு ஓர் அணை அசையாமல் போனாலும் பொறியாளர் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். எதிர்பார்த்த ஒன்று நடக்காமல் இருப்பதும் எதிர்பாராத முடிவுதான். ஆனால் அதற்கு ஓசை கிடையாது என்பதால் எளிதில் தவறிவிடுகிறோம்.

2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம், ஒவ்வொரு குறிப்பிட்ட அணையிலும் அளவீட்டுக் கருவிகள் இருக்க வேண்டும், பதிவேடு வைக்க வேண்டும் என்கிறது. நல்ல சட்டம். ஆனால் பதிவேட்டில் ஒரு நெடுவரிசை கூடுதலாக வேண்டும்: அளந்த எண்ணுக்குப் பக்கத்தில் எதிர்பார்த்த எண். அந்த இரண்டும் விலகும் பக்கங்களில் யார், எப்போது, என்ன விசாரித்தார், என்ன முடிவுக்கு வந்தார் என்ற குறிப்பும் வேண்டும். பரம்பிக்குளம், ஆழியாறு, முல்லைப் பெரியாறு, இடுக்கி என்று இரு மாநிலங்களையும் தொடும் அணைகளில் அந்தப் பதிவேட்டைத் தமிழிலும் மலையாளத்திலும் மாதம் ஒருமுறை வெளியிட இரு அரசுகளும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஷட்டர் மோட்டார் இழுத்த ஆம்பியரும் அதில் இருக்க வேண்டும். கல்லூரிகளைப் பொறுத்தவரை, அண்ணா பல்கலைக்கழகமும் கேரளத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் நினைத்தால் அடுத்த கல்வியாண்டிலேயே செய்யக்கூடிய மாற்றம் ஒன்றுதான். ஆய்வகத் தேர்வின் மதிப்பெண்ணில் பாதியை விடை சூத்திரத்தோடு ஒத்துப்போவதற்குத் தராமல், விலகலுக்கு மாணவர் தரும் விளக்கத்துக்கும் அதைச் சோதிக்க அவர் செய்த கூடுதல் அளவீட்டுக்கும் தர வேண்டும். பட்டையின் தடிமனை வெர்னியரில் மறுபடி அளந்த மாணவருக்கு அந்த மதிப்பெண் கிடைத்தால், சில ஆண்டுகளில் ஏதோ ஓர் அணையின் கட்டுப்பாட்டு அறையில் அவர் உட்காரும்போது, ஆம்பியர்மானி சென்ற ஆண்டைவிடக் கூடுதலாகக் காட்டுவதைக் கவனித்து மேலதிகாரிக்கு எழுதுவார். அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, முள் கோளாறு என்று மூலையில் போடாத மேலதிகாரியும் அதே ஆய்வகத்திலிருந்துதான் வர வேண்டியிருக்கிறது.